மைக்ரோவேவ் ஓவன் மக்கர் பண்ணுதா? ஸ்குரூ டிரைவரைத் தூக்காதீங்க... பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே 'ஷாக்' காத்திருக்கு!

கீழக்கரை:

"காக்கா... லைட்டு எரியுது, தட்டு சுத்துது, சத்தமும் வருது. ஆனா ஆணம் மட்டும் ஜில்லுன்னே இருக்கு. கொஞ்சம் வந்து கழட்டிப் பாருங்களேன்!"

மைக்ரோவேவ் ஓவன் இருக்கும் வீடுகளில் இருந்து எலக்ட்ரிக் கடைக்கு வரும் வழக்கமான புலம்பல் இது. மிக்சி ரிப்பேர், ஃபேன் ரிப்பேர் போல இதுவும் ஒரு சில்லறை வேலைதான் என்று பலரும் நினைக்கிறார்கள். வீட்டில் இருக்கும் பையனே ஸ்குரூ டிரைவரை எடுத்து பின்பக்க மூடியைக் கழட்டி விடுகிறான். "பிளக்கைத்தான் பிடுங்கிட்டோமே, அப்புறம் என்ன பயம்?" என்று தைரியம் வேறு.

அந்த தைரியம்தான் ஆபத்து. சமையலறையில் உள்ள மின்சாதனங்களில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளை அடித்துப் போடும் அளவுக்கு மின்சாரத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கக் கூடியது மைக்ரோவேவ் ஓவன். எது நாமே சரி செய்யும் கோளாறு, எது மெக்கானிக்கை கூப்பிட்டே ஆக வேண்டிய கோளாறு என்று தெரிந்து வைத்துக் கொண்டால் பணமும் மிச்சம், உயிருக்கும் பாதுகாப்பு.

'சபர்' சாமான்

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊரான கீழக்கரையில் துபாய், சவுதி, கத்தார், மலேசியா என்று வெளிநாடுகளில் வேலை பார்ப்போர் ஏராளம். சபர் போனவர்கள் ஊர் திரும்பும்போது அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்து வரும் சாமான்களில் மைக்ரோவேவ் ஓவனும் ஒன்று. நோன்பு மாதத்தில் சஹர் நேரத்தில் அடுப்பு பற்ற வைக்காமல் சோறு, ஆணம் சூடு பண்ணிக் கொள்ள இது பெரிய உதவி.

ஆனால் வாப்பாவும் காக்காவும் வெளிநாட்டில். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும்தான். ஓவன் நின்று விட்டால் யாரைக் கூப்பிடுவது, என்ன கேட்பது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். "ஒண்ணுமில்லைம்மா, மேக்னட்ரான் போச்சு" என்று யாராவது சொன்னால் தலையாட்டி பணத்தைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை.

சாக்லேட் உருகியதில் பிறந்த கதை

இந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது?

இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானங்களைக் கண்டுபிடிக்க ரேடார் கருவிகள் பயன்பட்டன. அந்த ரேடாருக்குள் மின்காந்த அலைகளை உற்பத்தி செய்யும் குழாய்க்குப் பெயர் மேக்னட்ரான். அமெரிக்காவின் ரேதியான் கம்பெனியில் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர் என்ற என்ஜினீயர் 1945-ம் ஆண்டு மேக்னட்ரான் அருகே நின்றபோது, சட்டைப் பையில் இருந்த சாக்லேட் உருகிப் போனது. 'இதில் சமைத்தால் என்ன?' என்று யோசித்தார். அந்த யோசனையில் பிறந்ததுதான் மைக்ரோவேவ் ஓவன்.

1947-ல் விற்பனைக்கு வந்த முதல் ஓவன் கிட்டத்தட்ட 6 அடி உயரம், 340 கிலோ எடை. சமையல் மேடையில் வைக்கும் அளவுக்கு சுருங்கி அது அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது 1967-ல்தான்.

இன்றும் தத்துவம் அதேதான். மேக்னட்ரானில் இருந்து வரும் 2450 மெகாஹெர்ட்ஸ் அலைகள் உணவில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகளை ஆட்டி வைக்கின்றன. அந்த ஆட்டத்தில் உணவு சூடாகிறது. மற்றபடி உள்ளே எரியும் பல்பு, சுற்றும் தட்டு, ஓடும் ஃபேன் எல்லாம் துணை ஆட்கள். அதனால்தான் மேக்னட்ரான் பக்கம் கோளாறு வந்தால், லைட்டும் எரியும், தட்டும் சுற்றும்... சோறு மட்டும் சூடாகாது!

உள்ளே ஒளிந்திருக்கும் ஆபத்து

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மேக்னட்ரானுக்கு இது போதாது. அதனால் உள்ளே இருக்கும் கனமான டிரான்ஸ்பார்மர் இதை சுமார் 2 ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. பிறகு கெப்பாசிட்டரும் டயோடும் சேர்ந்து அதை இரட்டிப்பாக்குகின்றன. மேக்னட்ரானுக்குப் போவது சுமார் 4 ஆயிரம் வோல்ட்!

வில்லன் இந்த கெப்பாசிட்டர்தான். மெக்கானிக் பாஷையில் கண்டென்சர். பார்க்க சின்ன தகர டப்பா மாதிரி இருக்கும். மின்சாரத்தை சேமித்து வைப்பதுதான் இதன் வேலை. பிளக்கைப் பிடுங்கியதும் சேமித்ததை மெல்ல மெல்ல வடித்து விட, அதற்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அது நல்ல நிலையில் இருந்தால் கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வடிந்து விடும். அது கெட்டுப் போயிருந்தால்? மின்சாரம் அப்படியே காத்திருக்கும். வெளியில் இருந்து பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது. "எங்க வீட்ல இ.எல்.சி.பி. போட்டிருக்கோம், ஷாக் அடிச்சா கரண்ட் கட் ஆயிடும்" என்று சிலர் நம்பிக்கையாக இருக்கிறார்கள். ஓவனின் உயர் மின்அழுத்தப் பகுதியில் கை பட்டால் இ.எல்.சி.பி. காப்பாற்றும் என்று நம்ப முடியாது. காரணம், அந்த மின்சாரம் டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் தனியாக சுற்றிக் கொண்டிருக்கிறது. ஓவன் பாடி வழியாகவே திரும்பிப் போய்விடும். சுவரில் இருக்கும் இ.எல்.சி.பி.க்கு எந்த வித்தியாசமும் தெரியாது!

இந்த டிரான்ஸ்பார்மரின் பயங்கரத்துக்கு அமெரிக்காவே சாட்சி. பழைய ஓவனில் இருந்து டிரான்ஸ்பார்மரைக் கழட்டி, மரப்பலகையில் மின்சாரம் பாய்ச்சி மின்னல் மாதிரி டிசைன் போடும் பழக்கம் இன்டர்நெட் வீடியோக்கள் மூலம் அங்கே பரவியது. அதில் 30-க்கும் மேற்பட்டோர் செத்துப் போனார்கள். அங்குள்ள மரக்கடைசல் கலைஞர்கள் சங்கம் தனது நிகழ்ச்சிகளில் இதற்கு தடையே போட்டு விட்டது.

எனவே சட்டம் இதுதான்: வெளியில் உள்ளது நம்ம வேலை. ஸ்குரூவைக் கழட்டித்தான் தொட முடியும் என்றால் அது மெக்கானிக் வேலை.

முதலில் நீங்களே பாருங்க!

மெக்கானிக்குக்கு போன் போடும் முன் இவற்றைப் பார்த்து விடுங்கள். பல நேரங்களில் கோளாறே இருக்காது.

* டிஸ்பிளே எரியுது, பட்டன் வேலை செய்யலையா? 'சைல்டு லாக்' விழுந்திருக்கும். பூட்டுப் படம் தெரிகிறதா பாருங்கள். புத்தகத்தில் சொன்னபடி அந்த பட்டனை சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் திறந்து கொள்ளும்.

* எதுவுமே எரியலையா? வேறொரு சாமானை அதே பிளக்கில் மாட்டிப் பாருங்கள். பிளக் பாயின்ட்டே போயிருக்கலாம். கரண்ட் வந்து போன பிறகு ஓவன் குழம்பிப் போயிருந்தால், ஒரு நிமிடம் பிளக்கைப் பிடுங்கி வைத்து மறுபடி மாட்டுங்கள்.

* சூடு குறைவா? பவர் 'ஹை'யில் இருக்கிறதா, 'டீஃப்ராஸ்ட்'டில் கிடக்கிறதா பாருங்கள். வோல்டேஜையும் கவனியுங்கள். சாயங்காலம் லைட் மங்கலாக எரியும் நேரத்தில் ஓவனும் மந்தமாகத்தான் வேலை செய்யும். அது ஓவன் கோளாறு அல்ல. லோ வோல்டேஜ் தொடர்ந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் சொல்லலாம்.

* இன்வெர்ட்டரில் ஓட்டுகிறீர்களா? வேண்டவே வேண்டாம். '800 வாட்' என்று எழுதியிருப்பது உணவுக்குப் போகும் சக்தி. கரண்ட்டில் இருந்து அது இழுப்பது 1200 வாட் வரை. வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது.

* தட்டு சுற்றலையா? கண்ணாடித் தட்டை எடுத்து, அடியில் உள்ள சக்கர வளையத்தைக் கழுவித் துடையுங்கள். நடுவில் உள்ள குமிழ் மேல் தட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். இதிலேயே பாதி கேஸ் முடிந்து விடும்.

* பாதியில் நின்று போகிறதா? ஓவன் சுவரோடு ஒட்டி நிற்கிறதா, மேலே துணி மூடியிருக்கிறதா பாருங்கள். சூடு வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே இருக்கும் தெர்மல் கட்-அவுட் தானாக நிறுத்தி விடும். பின்னாலும் மேலேயும் இடம் விட்டு வைத்து, அரை மணி நேரம் ஆற விட்டுப் போடுங்கள்.

ஒரு டம்ளர் தண்ணி போதும்!

ஓவன் நல்லா இருக்கா, இல்லையா? வீட்டிலேயே டெஸ்ட் பண்ணலாம்.

மைக்ரோவேவுக்கு ஏற்ற கண்ணாடி டம்ளரில் 200 மில்லி தண்ணீர் எடுங்கள். உள்ளே ஒரு சின்ன மரக்கரண்டியைப் போடுங்கள். 'ஹை'யில் 2 நிமிடம் ஓட விடுங்கள். 700, 800 வாட் ஓவன் என்றால் தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு வந்துவிட வேண்டும். வெதுவெதுப்பாகவே இருந்தால் மேக்னட்ரான் பலவீனமாகி வருகிறது அல்லது வேறு பார்ட் கோளாறு. பச்சைத் தண்ணியாகவே இருந்தால் சந்தேகமே வேண்டாம், மெக்கானிக்தான்.

மரக்கரண்டி எதற்கு? வழவழப்பான டம்ளரில் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் குமிழி விடாமல் அமைதியாக நிற்கும். கையில் எடுத்து ஆட்டியதும் பொங்கி முகத்தில் அடித்து விடும். கரண்டி கிடந்தால் அந்த ஆபத்து குறைவு. எடுக்கும் முன் அரை நிமிடம் பொறுப்பதும் நல்லது.

ஓவனை காலியாக மட்டும் ஓட்டி டெஸ்ட் பண்ணவே கூடாது. உறிஞ்சிக் கொள்ள உணவோ தண்ணீரோ இல்லாவிட்டால் அலைகள் திரும்பி மேக்னட்ரானையே தாக்கும். நல்லா இருந்த ஓவனும் கெட்டு விடும்.

இதெல்லாம் கண்டா உடனே பிளக்கைப் பிடுங்குங்க!

கீழே உள்ள அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் "இன்னும் ரெண்டு நாள் ஓட்டிப் பார்ப்போம்" என்ற பேச்சே கூடாது.

1. கதவைத் திறந்தும் ஓடுவது: எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி இது. கதவு லேசாகத் திறந்தாலே ஓவன் அந்த வினாடியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, 'யாரும் போடக் கூடாது' என்று சீட்டு ஒட்டி விடுங்கள்.

2. கதவு கோளாறு: கண்ணாடி விரிசல், கீல் ஆட்டம், கொக்கி உடைந்தது, கதவை அமுக்கிப் பிடித்தால்தான் ஓடுகிறது... எதுவானாலும் ஓட்டக் கூடாது. டேப் ஒட்டி, கயிறு கட்டி ஓட்டுவது விபரீதம்.

3. தீப்பொறி: முதலில் பாத்திரத்தைப் பாருங்கள். தங்கக் கரை போட்ட பீங்கான், சில்வர் பேப்பர், பார்சலில் இருக்கும் ஸ்டேப்ளர் பின்... இதெல்லாம் பொறி பறக்க வைக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் உள்ளே வலது பக்கச் சுவரில் அட்டை போல ஒன்று இருக்கும். அதுதான் மைக்கா ஷீட். எண்ணெய், மசாலா தெறித்துக் கருகினால் அதில் இருந்து பொறி வரும். துடைத்தும் பொறி நிற்கவில்லை, ஷீட் ஓட்டையாகி விட்டது, பெயின்ட் உரிந்து தகரம் தெரிகிறது என்றால் மெக்கானிக் வர வேண்டும். ஆரம்பத்தில் மைக்கா மாற்றுவது சின்ன செலவு. அலட்சியமாக விட்டால் மேக்னட்ரான் காலி.

4. புதுசா 'ஹம்ம்ம்' சத்தம்: சூடும் இல்லை, டிரான்ஸ்பார்மர் உறுமும் சத்தம் மட்டும் பலமாக வருகிறது என்றால் டயோடு, கெப்பாசிட்டர், மேக்னட்ரான் இவற்றில் ஒன்று 'ஷார்ட்' ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். உடனே நிறுத்துங்கள்.

5. கருகல் வாடை: உணவு தீய்ந்த வாடை வேறு, வயர் கருகும் வாடை வேறு. பிளாஸ்டிக், வார்னிஷ் எரிவது மாதிரி வாடை வந்தால் ஆபத்து. உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்கவே திறக்காதீர்கள். திறந்தால் காற்று புகுந்து தீ கொழுந்து விடும். சுவர் சுவிட்சை அணைத்து விட்டால் காற்றில்லாமல் தானே அடங்கும்.

6. பாடியைத் தொட்டால் ஷாக்: 'சுருக்'கென்று லேசாக அடித்தாலும் எர்த் கோளாறு இருக்கிறது. ஓவனில் இருக்கலாம், வீட்டு எர்த்திலும் இருக்கலாம். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் சரி பார்க்காமல் தொடக் கூடாது.

7. கதவைத் திறக்கும்போதோ, மூடும்போதோ பியூஸ் போவது: இது விசேஷமான கோளாறு. கதவுக்குள் பொதுவாக மூன்று சுவிட்ச் உண்டு. இரண்டு சுவிட்ச் ஓவனை நிறுத்த. மூன்றாவது சுவிட்ச் அந்த இரண்டையும் கண்காணிக்க. கதவு சுவிட்ச் ஒட்டிக் கொண்டு நிறுத்த மறுத்தால், இந்த மூன்றாவது சுவிட்ச் வேண்டுமென்றே ஷார்ட் பண்ணி பியூஸைப் பறக்க விடும். அதாவது ஓவன் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது! "பியூஸ் அடிக்கடி போகுது" என்று கம்பி கட்டி விட்டால் கடைசிக் காவலையும் எடுத்து விட்டதாக அர்த்தம்.

8. தானாக ஓடுவது: யாரும் தொடாமலே பீப் அடிப்பது, தானே ஓட ஆரம்பிப்பது... போர்டில் பூச்சி, எறும்பு, பல்லி புகுந்திருக்கலாம், ஈரம் இறங்கியிருக்கலாம். கார்டு வேலை தெரிந்தவர்தான் பார்க்க வேண்டும்.

சவுதி ஓவனா? பின்னால் பாருங்க!

வெளிநாட்டில் இருந்து வந்த ஓவன்களுக்கு என்று தனி வியாதி உண்டு. பின்பக்க ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள்.

நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். துபாய், கத்தார், குவைத், ஓமன், மலேசியா எல்லாம் வோல்ட் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் 50 ஹெர்ட்ஸ்தான். பிரச்சினை இல்லை. சவுதி மட்டும் 60 ஹெர்ட்ஸ்!

'60Hz' மட்டும் போட்ட ஓவனை இங்கே ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் அளவுக்கு மீறி சூடாகும். உறுமல் அதிகமாகும். ஆயுள் குறையும். இதைக் கண்டுபிடிக்க இன்னொரு வேடிக்கையான வழியும் உண்டு. இப்படிப்பட்ட பல ஓவன்களில் கடிகாரம் மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும். ஒரு நிமிடம் என்று வைத்தால் 72 வினாடி ஓடும். "கடிகாரம் கெட்டுப் போச்சு" என்று நினைப்பார்கள். கெட்டது கடிகாரமல்ல, ஊர் மாறியதால் வந்த வினை.

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டினால் சரியாகுமா? ஆகாது. அது வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. '50/60Hz' என்று போட்டிருந்தால் மட்டும் கவலை இல்லை.

அடுத்து பிளக். துபாய் ஓவனில் சதுரக் கால் பிளக் இருக்கும். அதை ஐம்பது ரூபாய் அடாப்டரில் செருகி, அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி... லூஸ் கான்டாக்ட்டில் பிளக் உருகும், எர்த்தும் சரியாகக் கிடைக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து நம்ம ஊர் 15 ஆம்ப்ஸ் மூன்று கால் பிளக்காக மாற்றி, பவர் பாயின்ட்டில் நேரடியாக மாட்டுவதே நல்லது. வயரில் பிரவுன் கலர் லைன், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த்.

உப்புக்காத்து படுத்தும் பாடு

கடலோர ஊர்களில் இரும்பு ஜன்னலையே தின்னும் உப்புக்காற்று ஓவனை விடுமா? உள்ளே இருக்கும் ஃபேன் அந்தக் காற்றைத்தான் இழுத்து மேக்னட்ரானைக் குளிர வைக்கிறது. உப்பும் ஈரமும் கனெக்ஷன் முனைகளில் படிந்து பச்சை பிடிக்கும். கதவு கீலும், கண்ணாடித் தட்டுக்கு அடியில் உள்ள தகரமும் துருப்பிடிக்கும்.

ஒவ்வொரு முறை சூடு பண்ணிய பிறகும் கதவை சில நிமிடம் திறந்து வைத்து ஆவியை வெளியேற விட்டு, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பாதித் துரு வராது. கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக ஓவனை வைக்காதீர்கள். பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் ஓவனை மறுபடி போடும் முன், கதவு, சீல், உள்தகரம் எல்லாம் துரு இருக்கிறதா என்று பார்த்து விடுங்கள். உள்ளே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் அந்த ஓவனுக்கு விடை கொடுத்து விடலாம்.

ரேடியேஷன் பூதம்

"அதுல ரேடியேஷன் வருமாமே?" என்று பயந்து ஓவனையே மூலையில் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. இது அணுகுண்டு கதிர்வீச்சு மாதிரி இல்லை. ரேடியோ, செல்போன் அலைகளின் குடும்பம். சுவிட்சை அணைத்த வினாடியே அலை நின்று விடும். உணவில் எதுவும் தங்காது.

கதவுக் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஒரு உலோக வலை இருக்கிறதே, அதுதான் காவல்காரன். இந்த அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அவ்வளவு சின்ன ஓட்டைகளில் அது தப்பிக்க முடியாது. வெளிச்சம் மட்டும் வெளியே வரும். ஓவனில் இருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது என்பது சர்வதேச விதி. கதவும் சீலும் ஒழுங்காக இருக்கும் ஓவனில் கசிவு இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கதவு கோணினால்தான் கதை மாறும். கசியும் அலை கண்ணுக்குத் தெரியாது, வாடையும் கிடையாது. அளவு மீறினால் உடம்பையும் சூடாக்கும். கண்ணுக்கு குறிப்பாக ஆகாது. 'உள்ளே செல்போனை வைத்து ரிங் அடித்துப் பார்' என்று சிலர் சொல்வது சரியான டெஸ்ட் அல்ல. லீக்கேஜ் மீட்டர் வைத்து அளந்தால்தான் தெரியும்.

மெக்கானிக் வந்தா என்ன கேட்கணும்?

மூடியைக் கழட்டியதும் அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, கெப்பாசிட்டரில் இருக்கும் மின்சாரத்தை இறக்குவது. அதைச் செய்யாமல் கையை உள்ளே விடுகிறவருக்கு இந்த வேலை தெரியாது என்று அர்த்தம். "மைக்ரோவேவ் பார்த்துப் பழக்கம் உண்டா?" என்று போனிலேயே கேட்டு விடுங்கள். ஃபேன், மிக்சி நன்றாகப் பார்க்கிறவர் எல்லாம் இதைப் பார்க்க முடியாது. தெரியாத ஆளை வற்புறுத்திக் கழட்ட வைப்பது அவர் உயிருக்கே ஆபத்து.

"மேக்னட்ரான் போச்சு" என்று சொன்னால், "பியூஸ், டயோடு, கெப்பாசிட்டர், கதவு சுவிட்ச் எல்லாம் செக் பண்ணியாச்சா?" என்று கேளுங்கள். சூடாகாததற்கு இவையும் காரணமாக இருக்கலாம். இவை விலை குறைந்த பார்ட்டுகள். மாற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பில்லும் எழுதி வாங்குங்கள். கதவு வேலை பார்த்திருந்தால் லீக்கேஜ் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக, அவர் கிளம்பும் முன் அதே ஒரு டம்ளர் தண்ணி டெஸ்ட்!

மூடியைக் கழட்டும்போது பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். யாருக்காவது ஷாக் அடித்து விட்டால் நேரடியாகத் தொட்டு இழுக்காமல் முதலில் மெயினை அணைத்து, 108-க்கு போன் போடுங்கள்.

ரிப்பேரா? புதுசா?

வாரன்டி கார்டை முதலில் தேடுங்கள். சில கம்பெனிகள் மொத்த ஓவனுக்கு ஒரு வருடமும், மேக்னட்ரானுக்கு மட்டும் கூடுதல் வருடங்களும் உத்தரவாதம் தருகின்றன. வாரன்டி இருக்கும்போது வெளியாள் கழட்டினால் அது ரத்தாகி விடலாம். வெளிநாட்டில் வாங்கிய ஓவனுக்கு பெரும்பாலும் அந்த நாட்டில்தான் வாரன்டி. வாங்கும்போதே 'இன்டர்நேஷனல் வாரன்டி' உண்டா என்று கேட்டு வாங்குவது நல்லது.

ரிப்பேர் செலவு புது ஓவன் விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். மைக்கா, பியூஸ், தட்டு மோட்டார், கதவு சுவிட்ச், டயோடு என்றால் தாராளமாக சரி செய்யலாம். மேக்னட்ரானோ, கார்டோ போய், ஓவனுக்கும் ஏழெட்டு வயசாகி, உள்ளே துருவும் பிடித்திருந்தால் செலவழிப்பது வீண்.

இங்கே வாங்கிய ஓவன் வாரன்டியில் இருந்தும் கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் பற்றிய புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில் மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும்.

காயலான் கடைக்குப் போடும் முன்...

செத்துப் போன ஓவன்தானே என்று பிள்ளைகள் கையில் கொடுத்து விடாதீர்கள். காந்தம் எடுக்க, செம்புக் கம்பி எடுக்க என்று உடைப்பார்கள். கெப்பாசிட்டர் அப்போதும் அடிக்கலாம். சில மேக்னட்ரான்களில் உள்ள பீங்கான் பகுதியில் பெரிலியம் ஆக்சைடு என்ற விஷப்பொருள் இருக்கலாம். உடைத்துத் தூளாக்கி மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கு ஆபத்து. காயலான் கடைக்குப் போடுவதை விட, மின்கழிவு எடுப்பவர்களிடம் முழு ஓவனாகக் கொடுப்பதே நல்லது. புது ஓவன் வாங்கும்போது கடைக்காரரிடம் 'எக்ஸ்சேஞ்ச்' கேட்டால் தலைவலி மிச்சம்.

ஞாபகம் இருக்கட்டும்!

துடைக்கிறது, கழுவுறது, தட்டை சரி பண்றது, டம்ளர் தண்ணி வச்சு டெஸ்ட் பண்றது... இது உங்க வேலை. கதவு, பொறி, ஷாக், கருகல், பியூஸ்... இது மெக்கானிக் வேலை.

வெளிநாட்டில் இருக்கும் சபராளிகள் அடுத்த முறை வீட்டுக்குப் பேசும்போது, ஓவன் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். '60Hz' மட்டும் இருந்தால் இப்போதே சொல்லி விடலாம். கூடவே இதையும் சொல்லி வையுங்கள்... "ஆணம் சூடாகலைன்னா அடுப்புல சூடு பண்ணிக்கலாம். மூடியை மட்டும் யாரும் கழட்டாதீங்க!"